கோப்பில் ஏறாத சொல்: அகீம் அலியு, பில் பீட்டர்ஸ் விவகாரம்

2019 நவம்பர் 25, திங்கட்கிழமை இரவு. அகீம் அலியு ட்விட்டரில் சில வரிகள் எழுதினார். வயது 30. அந்தப் பருவத்தில் கையில் அணி இல்லாத ஹாக்கி வீரர். டொரொன்டோ அணி சில நாள் முன்புதான் தன் பயிற்சியாளர் மைக் பாப்காக்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அவரைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. அதைப் பிடித்துக்கொண்டு அலியு எழுதியதன் சாரம் இது: குரு எப்படியோ சீடனும் அப்படித்தான். என் முதல் தொழில்முறைப் பருவத்தில், நான் போட்ட பாட்டு பிடிக்கவில்லை என்பதற்காக, அவருடைய சீடர் உடைமாற்றும் அறையில் என்னைப் பார்த்துக் கறுப்பினத்தவரை இழிக்கும் அந்தச் சொல்லைப் பலமுறை சொன்னார்.

சீடரின் பெயரை அவர் எழுதவில்லை. ‘ஒய்.ஒய்.சி.’ என்று கால்கரி விமான நிலையத்தின் குறியீட்டை மட்டும் போட்டார். கனடாவில் ஹாக்கி பார்க்கிறவர்களுக்கு அது போதும். கால்கரி ஃப்ளேம்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பில் பீட்டர்ஸ், 2011 முதல் 2014 வரை டெட்ராய்ட் அணியில் பாப்காக்கிடம் உதவியாளராக இருந்தவர். அந்த வாரம் முடிவதற்குள், வெள்ளிக்கிழமை 29ஆம் தேதி, பீட்டர்ஸ் பதவி விலகினார்.

ஒரு ட்வீட், நான்கு நாள், ஒரு பதவி விலகல். இவ்வளவுதான் என்றால் இதில் ஆராய ஒன்றும் இல்லை. ஆனால் சம்பவம் நடந்தது 2009-10 பருவத்தில். அணி மொத்தமும் உட்கார்ந்திருந்த அறையில் நடந்தது. அப்படியென்றால் நடுவில் இருந்த பத்து ஆண்டுகள் அந்தச் செய்தி எங்கே இருந்தது? என்னை இந்த விவகாரத்துக்குள் இழுத்தது இந்தக் கேள்விதான்.

ஒரு சின்ன விளக்கம். நமக்கு ஹாக்கி என்றால் தயான்சந்தும் புல்தரையும்தான். இங்கே பேசுவது பனித்தரையில் சறுக்கிக்கொண்டு ஆடும் ஐஸ் ஹாக்கியைப் பற்றி. வட அமெரிக்காவில் அதன் உச்சி என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக்.

அந்த நவம்பர்

அலியு ஏன் அன்றைக்கு வாய் திறந்தார் என்பதற்கு அந்த மாதத்தைப் பார்க்க வேண்டும். நவம்பர் 9, சனிக்கிழமை. கனடாவின் வார இறுதி ஹாக்கி ஒளிபரப்பில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கருத்து சொல்லிவந்த டான் செரி, போரில் இறந்தவர்களின் நினைவாகச் சட்டையில் குத்திக்கொள்ளும் பாப்பிப் பூவைப் பற்றிப் பேசினார். மிசிசாகாவில் பூ குத்தியவர்களையே காணோம் என்றார். அப்புறம், இங்கே வந்து எங்கள் பாலையும் தேனையும் அனுபவிக்கிறீர்களே, ஒரு பூவுக்கு இரண்டு டாலர் கொடுக்க மாட்டீர்களா என்று ‘உங்களைப் போன்றவர்களை’ நோக்கிக் கேட்டார். மிசிசாகா என்பது வந்து குடியேறியவர்கள் நிறைந்த ஊர்; தெற்காசியர்கள் அதிகம், அதில் தமிழர்களும் உண்டு. அந்த ‘நீங்கள்’ யார் என்று டொரொன்டோ வட்டாரத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 11ஆம் தேதி செரியை ஒளிபரப்பு நிறுவனம் நீக்கியது. அவருக்கு ஆதரவாகக் கொதித்தவர்களும் ஏராளம்.

20ஆம் தேதி பாப்காக் நீக்கம். அது தோல்விகளுக்காக. ஆனால் நீக்கிய மறுகணம் பழைய கதைகள் வெளியே வரத் தொடங்கின. அறிமுக வீரர் ஒருவரைக் கூப்பிட்டு, அணியில் யார் யார் உழைப்பவர்கள் என்று வரிசைப்படுத்தி எழுதச் சொல்லி, அந்தப் பட்டியலில் கடைசியில் வந்தவர்களிடமே அதைச் சொன்னார் என்பது அதில் ஒன்று. பயிற்சியாளர் என்ற தெய்வத்தைக் கேள்வி கேட்கலாம் என்ற தைரியம் ஒரு வாரத்தில் வந்தது. பத்து வருடம் அடைபட்ட கதை அந்த வாரத்தில் வெளியே வந்தது தற்செயல் இல்லை.

ஒகேனேயிலிருந்து விண்ட்ஸர் வரை

அலியு பிறந்தது 1989இல், நைஜீரியாவின் ஒகேனே நகரில். அப்பா நைஜீரியர், அம்மா உக்ரைன்காரர். சிறு வயது கீவ் நகரில் போனது. பிறகு குடும்பம் டொரொன்டோவுக்கு வந்தது. கனடாப் பிள்ளைகள் நடை பழகும்போதே ஸ்கேட்ஸ் மாட்டிக்கொள்வார்கள். இவர் வந்து சேர்ந்த பிறகுதான், அதுவும் யாரோ பயன்படுத்திய ஸ்கேட்ஸில், கற்றுக்கொண்டார். பணம் கொட்டித் தீர்க்கும் ஆட்டம் இது. உபகரணம், பனித்தரை வாடகை, வெளியூர்ப் பயணம் என்று பெற்றோரின் கை கடிக்கும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் தாமதமாகத் தொடங்கியும், என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் 2007ஆம் ஆண்டுத் தேர்வில் 56ஆவது ஆளாக சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அவரை எடுத்தது என்றால் திறமையைப் பற்றிச் சந்தேகப்பட எதுவும் இல்லை.

ஆனால் அதற்கு முன்பே அவர் பெயருடன் ஒரு கதை ஒட்டிக்கொண்டது. 2005. ஒன்டாரியோ ஜூனியர் லீகில் விண்ட்ஸர் ஸ்பிட்ஃபயர்ஸ் அணி. அலியுவுக்கு வயது 16. புதுமுகங்களை அம்மணமாக்கிப் பேருந்தின் கழிவறைக்குள் திணித்து அடைப்பது அங்கே சடங்கு. நம் ஊர்க் கல்லூரி ராகிங்கின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலியு மறுத்தார். பிறகு ஒரு பயிற்சியின்போது அணியின் மூத்த வீரர் ஸ்டீவ் டவுனி ஹாக்கி மட்டையால் அவர் வாயில் அடித்தார், பற்கள் போயின. விஷயம் வெளியே வந்ததும் டவுனிக்குத் தடை. பயிற்சியாளரும் பொது மேலாளருமாக இருந்த மோ மேந்தாவுக்கு 40 ஆட்டங்கள் தடை.

சரி, தண்டனை கிடைத்ததே என்று தோன்றலாம். கிடைத்தது. ஆனால் ஹாக்கி வட்டாரத்தில் அதற்குப் பிறகு சுற்றிய பேச்சு வேறு: இந்தப் பையன் போகிற இடமெல்லாம் ஏதாவது பிரச்சினை வருகிறது. அடித்தவர் பிற்பாடு என்.எச்.எல்.இல் பல பருவங்கள் ஆடினார். அடிபட்டவருக்கு அங்கே மொத்தம் கிடைத்தது 7 ஆட்டங்கள். திறமை வேறுபாடு இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. இருந்தாலும் ‘பிரச்சினைக்காரன்’ என்ற முத்திரை இருவரில் யார் நெற்றியில் விழுந்தது என்பதைக் கவனிக்காமல் அடுத்த பகுதிக்குப் போக முடியாது.

அந்தக் காலை

ராக்ஃபோர்ட், இலினாய் மாநிலம். ஐஸ்ஹாக்ஸ் அணி. சிகாகோவின் கிளை அணி என்று சொல்லலாம். என்.எச்.எல். அணிகள் ஒவ்வொன்றும் தங்கள் இளைஞர்களை ஏ.எச்.எல். என்ற அடுத்த படியில் ஆடவிட்டு முதிர வைப்பார்கள். அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். மேலே போகக் காத்திருப்பவர்கள் ஏ.எச்.எல்.இல், ‘பார்க்கலாம்’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஈ.சி.எச்.எல்.இல் என்பது பொதுவான கணக்கு. ஓர் இளைஞனை மேலே அனுப்புவதா கீழே தள்ளுவதா என்பதைத் தலைமை அலுவலகம் தீர்மானிக்கிறது. ஆனால் தலைமை அலுவலகத்துக்கு அவனைத் தினம் பார்க்கும் கண் ஒன்றுதான்: கிளை அணியின் பயிற்சியாளர். 2009-10இல் அந்தக் கண் பில் பீட்டர்ஸ்.

அலியு சொன்ன விவரம் இப்படி. ஆட்ட நாளின் காலைப் பயிற்சிக்கு முன்னால், அறையில் அவர் ஹிப்-ஹாப் ஓடவிட்டிருந்தார். பீட்டர்ஸ் உள்ளே வந்து, இந்த ‘என்-சொல்’ (ஆங்கில ‘என்’ எழுத்தில் தொடங்கும் அந்த இழிசொல்) பாட்டெல்லாம் கேட்டு அலுத்துவிட்டது என்று அவர் பெயர் சொல்லியே சொன்னார். இன்னும் கொச்சையாகவும் தொடர்ந்தார். எதுவும் நடக்காததுபோல் வெளியே போய்விட்டார். அறையில் மயான அமைதி. பிறகு அணித்தலைவர் பயிற்சியாளரின் அறைக்குப் போய்ப் பேசினார். அதன்பின் பீட்டர்ஸ் அலியுவைக் கூப்பிட்டார். மன்னிப்பு கேட்பதற்குப் பதில் அதே சொல்லை மறுபடி சொல்லி, இனி வேறு பாட்டு போடச் சொன்னார்.

அதே அணியில் ஆடிய இரண்டு வீரர்கள் 2019இல் கனடாவின் டி.எஸ்.என். விளையாட்டுத் தொலைக்காட்சியிடம் அலியு சொன்னதை உறுதிப்படுத்தினார்கள். பீட்டர்ஸும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதை மறுக்கவில்லை. ஆகவே ‘நடந்ததா’ என்பதில் தகராறு இல்லை. தகராறு எல்லாம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

அந்த ட்வீட்டுகளில் என்னைக் கொக்கி போட்டு இழுத்த வாக்கியம் ஒன்று உண்டு. நான் அவருக்கு எதிராக முரண்டு பிடித்தேன், அதை முதலில் ஒப்புக்கொள்பவனே நான்தான், நீங்கள் பிடிக்க மாட்டீர்களா என்று அலியு கேட்டிருந்தார். தொடர்ந்து, நிலைமையைச் சரிசெய்வதற்குப் பதிலாக, பீட்டர்ஸ் சிகாகோ நிர்வாகத்தின் ஜான் மெக்டனாவுக்கும் ஸ்டான் போமனுக்கும் கடிதம் எழுதித் தன்னைக் கீழ் லீகுக்கு அனுப்ப வைத்தார் என்றும் சொன்னார். அந்தப் பருவத்திலேயே அலியு ஈ.சி.எச்.எல்.இன் டொலீடோ அணிக்குப் போனது உண்மை. 2019இல் சிகாகோ வெளியிட்ட அறிக்கை, இந்தச் சம்பவம் பற்றித் தங்களுக்கு முன்பு தெரியவே தெரியாது, அலியு குறித்து எடுத்த எந்த முடிவிலும் இதற்குப் பங்கில்லை என்றது.

இரண்டு தரப்பும் ஒன்றையொன்று பொய்யாக்குவதுபோலத் தெரிகிறது. நிதானமாகப் படித்தால் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். இதுதான் இந்த விவகாரத்தின் நடுநரம்பு. பயிற்சியாளர் மேலே எழுதும்போது, ‘நான் அவனை இன்ன சொல் சொன்னேன், அதிலிருந்து அவன் என் பேச்சைக் கேட்பதில்லை’ என்றா எழுதுவார்? ‘இவன் போக்கு சரியில்லை, சொல்பேச்சு கேட்பதில்லை’ என்பது மட்டும்தான் போகும். அடித்தது கோப்பில் ஏறாது. அடிபட்டவன் முறைத்தது ஏறும். மேலே உட்கார்ந்திருப்பவர் அந்தத் தாளைப் பார்த்து, இனவாதத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்ற முழு நம்பிக்கையோடு கையெழுத்துப் போடலாம். ஹாக்கியில் இதற்கு ‘குணம்’ என்று அழகான பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். அந்தப் பையனிடம் குணம் போதாது என்று ஒரு வரி வந்துவிட்டால் அவன் கோல் கணக்கை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

2010 கோடையில் சிகாகோ, டஸ்டின் பஃப்லியன் உள்ளிட்டோரை அட்லான்டாவுக்கு மாற்றிய பெரிய பேரத்தில் அலியுவையும் சேர்த்து அனுப்பியது. கோப்பு மூடப்பட்டது. பீட்டர்ஸ் அடுத்த ஆண்டு டெட்ராய்ட்டுக்கும், 2014இல் கரோலைனா தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கும், 2018இல் கால்கரிக்கும் ஏறினார். அலியு ஊர் ஊராக அணி மாறினார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய அந்த 7 என்.எச்.எல். ஆட்டங்களும் கால்கரிக்காக ஆடியவைதான். 2012 ஏப்ரலில் முதல் இரண்டு ஆட்டங்களிலேயே 2 கோல் போட்டார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2011இல் அலியு ஈ.சி.எச்.எல்.இன் கொலராடோ அணியில் இருந்தபோது, ஹாலோவீன் விருந்துக்கு அணியின் உபகரணப் பொறுப்பாளர், கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் பழைய வழக்கப்படி முகத்தில் கருமை பூசி, அலியுவின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அந்தப் படமும் 2019இல்தான் செய்தித்தாளில் வந்தது. ராக்ஃபோர்ட் காலை ஒரு தனி மனிதரின் வாய்க்கோளாறு என்று சொல்ல நினைப்பவர்கள் இந்தப் படத்தை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

நான்கு நாள்

ட்வீட் வந்த மறுநாள் மிகல் யோர்டான் என்ற செக் நாட்டு வீரர் எழுதினார்: கரோலைனாவில் ஓர் ஆட்டத்தின் நடுவே பீட்டர்ஸ் தன்னை உதைத்தார், இன்னொரு வீரரின் தலையில் குத்தினார். அப்போது உதவிப் பயிற்சியாளராக இருந்து, 2019இல் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளராகிவிட்ட ராட் பிரிண்டமோர், ஆமாம், நடந்தது என்று நிருபர்களிடம் சொன்னார். அன்றைய பொது மேலாளர் ரான் ஃபிரான்சிஸ், விஷயம் காதுக்கு வந்ததும் தான் நடவடிக்கை எடுத்ததாகவும் உரிமையாளருக்குத் தெரிவித்ததாகவும் சொன்னார். உரிமையாளராக இருந்த பீட்டர் கார்மனோஸோ, எனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டுத் தூக்கியிருப்பேன் என்றார். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

இந்த இடம் முக்கியம். உதை வாங்கிய யோர்டான் வெள்ளையர். கரோலைனாவில் நடந்ததில் இனம் என்ற கூறே கிடையாது. அப்படியானால் இது இனவாதக் கதையா, பயிற்சியாளர்களின் அராஜகக் கதையா என்று அப்போதே கேட்டார்கள். இரண்டையும் பிரிக்க நினைப்பது தேவையில்லாத வேலை என்று எனக்குப் படுகிறது. யாரையும் உதைக்கலாம், யாரையும் எதுவும் சொல்லலாம் என்ற அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால், அணியில் தனித்துத் தெரிகிறவன் மேல் அது தன் ருசிக்கேற்ற வடிவத்தில் விழும். யோர்டானுக்கு உதை. அலியுவுக்கு அந்தச் சொல். இரண்டு அறைகளிலும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் செய்தது மட்டும் ஒன்றே: நமக்கேன் வம்பு.

27ஆம் தேதி பீட்டர்ஸின் மன்னிப்புக் கடிதம் வந்தது. கால்கரி பொது மேலாளர் பிராட் டிரெலிவிங்குக்கு எழுதியது. பத்து ஆண்டுக்கு முன் ‘தொழில்சார்ந்த சூழலில்’ தான் பயன்படுத்திய புண்படுத்தும் மொழிக்காக வருந்துவதாகவும், எரிச்சலில் வந்த வார்த்தை அது, தன் மதிப்பீடுகளைக் காட்டுவது அல்ல என்றும், சுட்டிக்காட்டியதும் உடனே அறைக்குத் திரும்பி அணியிடம் மன்னிப்பு கேட்டதாகவும் அதில் இருந்தது. அலியு என்ற பெயர் மட்டும் கடிதத்தில் எங்கும் இல்லை. வேலை கொடுத்தவருக்கு மன்னிப்பு. திட்டு வாங்கியவருக்கு ஒரு வரியும் கிடையாது. திசைதிருப்புகிற, மனப்பூர்வமில்லாத கடிதம் என்று அலியு சொல்லிவிட்டார். அணியிடம் மன்னிப்பு கேட்ட கதையையும் அவர் ஏற்கவில்லை. அந்த ஒரு கடிதத்தை வைத்தே மன்னிப்பு எப்படிக் கேட்கக் கூடாது என்று வகுப்பு எடுக்கலாம்.

இரண்டு நாள் கழித்துப் பீட்டர்ஸ் விலகினார். அணி நீக்கவில்லை, அவராகவே விலகினார். உதவியாளர் ஜெஃப் வார்டு பொறுப்பேற்றார்.

லீக் சொன்ன மருந்து

டிசம்பர் தொடக்கத்தில் லீக் ஆணையர் கேரி பெட்மனும் துணை ஆணையர் பில் டேலியும் டொரொன்டோவில் அலியுவைச் சந்தித்தார்கள். 9ஆம் தேதி கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் அணி உரிமையாளர்கள் கூடியபோது பெட்மன் திட்டத்தை அறிவித்தார். எந்த வகைத் துன்புறுத்தலையும் பொறுக்க மாட்டோம். இப்படி ஒன்று தெரியவந்தால் அணிகள் உடனே லீகுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் தண்டனை. பயிற்சியாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் ஆண்டுதோறும் கட்டாயப் பயிற்சி. பெயர் சொல்லாமல் புகார் செய்ய ஒரு தொலைபேசி வழி. ஒன்றும் குறை சொல்ல முடியாத பட்டியல். எல்லாமே வேண்டியவைதான்.

ஆனால் மருந்து எந்த நோய்க்கு என்று பாருங்கள். கீழே நடப்பது மேலே தெரியவில்லை, தெரிந்தால் சரிசெய்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் எழுதிய சீட்டு இது. அந்த நம்பிக்கையை உடைக்க வெளியூர் உதாரணம்கூடத் தேவைப்படவில்லை. அதே சிகாகோ, அதே 2009-10 பருவம் போதும். 2010 மே மாதம், கைல் பீச் என்ற இளம் வீரர் அணியின் காணொளிப் பயிற்சியாளரால் பாலியல் தாக்குதலுக்கு ஆளானார். அந்தச் செய்தி கீழேயே தங்கிவிடவில்லை, மேலே போனது. போமன், மெக்டனா உள்ளிட்டோர் கூடி அதைப் பற்றிப் பேசினார்கள். அணி அப்போது என்.எச்.எல். சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பைக்கான ஆட்டங்களில் இருந்தது. கோப்பை கைக்கு வரும்வரை மூன்று வாரம் ஒன்றும் செய்யவில்லை. இவையெல்லாம் 2021 அக்டோபரில் வெளியான சட்ட நிறுவன விசாரணை அறிக்கையில் உள்ளவை. லீக் சிகாகோவுக்கு 20 லட்சம் டாலர் அபராதம் போட்டது. போமன் பதவி விலகினார்.

அலியு தனக்கு நேர்ந்ததைப் புகாராக எழுதி அனுப்பியிருந்தால் அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மேசை இதே மேசைதான். ‘அன்றைக்கே ஏன் சொல்லவில்லை’ என்று அவரைக் கேட்டவர்கள் இந்த அறிக்கையைப் படிக்கவேண்டும்.

எல்லோருக்கும் ஆனது யாருக்கு?

‘ஹாக்கி எல்லோருக்குமானது’ என்பது லீகின் பல ஆண்டுக்கால முழக்கம். 2020 மே மாதம் அலியு தன் கதையை விரிவாக எழுதியபோது, ஹாக்கி எல்லோருக்குமானது அல்ல என்று அதைக் கவிழ்த்துத் தலைப்பு வைத்தார். விண்ட்ஸர் பேருந்தையும் டவுனியையும் அதில் பெயரோடு எழுதினார். அடுத்த சில நாளில் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸால் கொல்லப்பட, அமெரிக்கா கொந்தளித்தது. ஜூன் 8 அன்று அலியுவும் இவாண்டர் கேனும் முன்னின்று, மேட் டம்பா, வெய்ன் சிமண்ட்ஸ், ஜோயல் வார்டு, டிரெவர் டேலி, கிறிஸ் ஸ்டுவர்ட் ஆகிய வீரர்களுடன் சேர்ந்து, ஆட்டத்தில் இனவாதத்தை எதிர்க்க ஹாக்கி பன்முகக் கூட்டணியைத் தொடங்கினார்கள். இதில் சிமண்ட்ஸ் என்ற பெயர் பலருக்கு நினைவிருக்கும். 2011இல் ஒன்டாரியோவின் லண்டன் நகரில் அவர் கோலை நோக்கிப் போகும்போது பார்வையாளர் ஒருவர் வாழைப்பழத்தை வீசினார்.

ஆகஸ்ட் 1. பெருந்தொற்றால் ஆளில்லாத எட்மன்டன் அரங்கம். டம்பா நடுக்களத்தில் நின்று இனவாதத்தைப் பற்றிப் பேசிவிட்டு, அமெரிக்கக் கீதம் ஒலித்தபோது மண்டியிட்டார். டார்னல் நர்ஸும் மால்கம் சுப்பனும் இரு பக்கம் நின்று அவர் தோளில் கை வைத்தார்கள். ஓர் என்.எச்.எல். வீரர் கீதத்தின்போது மண்டியிட்டது அதுவே முதல்முறை. அதே மாதம் 26ஆம் தேதி, விஸ்கான்சினில் ஜேகப் பிளேக்கைப் போலீஸ் சுட்டதை எதிர்த்துக் கூடைப்பந்து வீரர்கள் ஆட மறுத்தார்கள். ஹாக்கி அன்றிரவு ஆடியது. கூட்டணி கேட்டுக்கொண்ட பிறகு அடுத்த இரண்டு நாள் ஆட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. அக்டோபரில் கூட்டணி லீகுடன் உறவை முறித்துக்கொண்டது. லீக் செய்வது விளம்பரத்துக்கான காட்சி என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

முறிவுக்குக் காரணம் கொள்கை வேறுபாடு என்று சொல்வதைவிடப் பிடி வேறுபாடு என்று சொல்லலாம். கூட்டணி கேட்டது அளக்கக்கூடிய விஷயங்கள்: வேலைக்கு எடுப்பதில் எண்ணிக்கை இலக்கு, அடிமட்டத் திட்டங்களுக்கு நிதி. லீக் தர முன்வந்தது குழுக்கள், பயிற்சி, தன் சொந்த அமைப்புக்குள் ஓர் இடம். 2017 முதல் கிம் டேவிஸ் என்ற மூத்த கறுப்பினப் பெண் அதிகாரி இந்தப் பொறுப்பில் இருந்தார், எதுவுமே நடக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2022இல் சான் ஹோசே அணி மைக் கிரையரைப் பொது மேலாளராக்கியது; லீக் வரலாற்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். அதே ஆண்டு அக்டோபரில் லீக் தன் பணியாளர் விவரத்தை முதன்முறையாக வெளியிட்டது. லீகிலும் அணிகளிலும் வேலை பார்ப்பவர்களில் 83.6 சதவீதம் வெள்ளையர். வில்லி ஓரீ 1958 ஜனவரி 18 அன்று பாஸ்டனுக்காக ஆடி நிறத்தடையை உடைத்து 64 ஆண்டுகள் கழித்து வந்த கணக்கு இது. ஓரீக்கு அடுத்த கறுப்பின வீரர் வர 1974 ஆனது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஆட்டத்தின் நடை வேகம் புரியும்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். ஹாக்கி குளிர் நாடுகளின் ஆட்டம், அங்கே வாழ்பவர்கள் யாரோ அவர்கள்தானே ஆடுவார்கள் என்பார்கள். வீரர்களைப் பொறுத்தவரை அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் நுழைவுச்சீட்டு விற்பவர், கணக்கு எழுதுபவர், சட்ட ஆலோசகர் இவர்களுக்குக் குளிர் எதற்கு? அந்த 83.6 பனித்தரையைப் பற்றியது அல்ல, அலுவலகங்களைப் பற்றியது. அரசியலை ஆட்டத்துக்குள் கொண்டுவராதே என்பது இன்னொரு வாதம். ராக்ஃபோர்டில் அலியு கொண்டுவந்தது பாட்டு மட்டும்தான்.

ஒரு விஷயத்தில் மாற்றம் வந்திருக்கிறது. 2022 ஜனவரியில் கீழ் லீகுகளில் அடுத்தடுத்து இரண்டு சம்பவங்கள். ஏ.எச்.எல்.இல் போக்கோ இமாமாவை நோக்கிக் குரங்குபோலச் சைகை செய்த வீரருக்கு 30 ஆட்டங்கள் தடை. ஈ.சி.எச்.எல்.இல் ஜோர்டன் சுப்பனைப் பார்த்துச் செய்த சைகைக்காக ஒரு வீரரை அவருடைய அணி மறுநாளே விடுவித்தது. ஈ.சி.எச்.எல். அந்தப் பருவத்தின் மீதி முழுவதற்கும் தடை போட்டது. அவர் அது இனவாதச் சைகை அல்ல என்று மறுத்தார். பத்து ஆண்டு எடுத்தது இப்போது ஒரு நாளில் நடக்கிறது. ஆனால் இரண்டுமே பார்வையாளர் முன், கேமரா ஓடும்போது நடந்தவை. தண்டனை வாங்கியவர்கள் சக வீரர்கள். மூடிய அறையில், பயிற்சியாளர் ஒருவர் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இவை சாட்சி ஆகாது.

யார் எங்கே

2020 ஜனவரியில் அலியு செக் நாட்டின் லிட்வினோவ் அணிக்குப் போய் 7 ஆட்டங்கள் ஆடினார். கோல் இல்லை. பீட்டர்ஸ் அதே ஆண்டு ஏப்ரலில் ரஷ்யாவின் யெகடெரின்பர்க் அணிக்குப் பயிற்சியாளரானார். பாப்காக்கை 2023 கோடையில் கொலம்பஸ் அணி எடுத்தது. வீரர்களிடம் கைபேசியில் உள்ள படங்களைக் காட்டச் சொன்னார் என்று புகார் வர, ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன் செப்டம்பரில் விலகினார். போமன் 2024 ஜூலையில் எட்மன்டன் பொது மேலாளராகத் திரும்பினார்.

பீட்டர்ஸை 2023இல் ஆல்பர்ட்டா மாநிலத்தின் லெத்பிரிட்ஜ் ஹரிகேன்ஸ் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. வெஸ்டர்ன் ஹாக்கி லீகில் ஆடும் ஜூனியர் அணி அது. விண்ட்ஸரில் அலியு ஆடியது இதற்கு இணையான படியில். வீரர்களின் வயது 16 முதல் 20 வரை. பலர் பெற்றோரைப் பிரிந்து, யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி ஆடுகிறவர்கள். அவர்களில் யாரை எந்த வரிசையில் இறக்குவது, யாரை உட்கார வைப்பது, மேலே இருந்து கூப்பிட்டுக் கேட்பவர்களிடம் யாரைப் பற்றி என்ன சொல்வது என்பதையெல்லாம் முடிவு செய்வது அங்கேயும் பயிற்சியாளர்தான்.